என் இடது காலுக்கு ஒன்றுமில்லை

தம்பி,

நீ அனுப்பிவைத்த யோகா டீச்சரை நான் முதல் நாளே நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வரும். விமான டிக்கெட் எடுத்துவிட்டதாகப் போனில் சொன்னாய். சொல்லும்போதே அழுதுவிட்டாய். "அம்மா, நீ நேரா நடக்குறம்மா, நான் பாத்தேம்மா" என்று நாற்பதைத் தொட்ட ஆண்பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசக்கூடாத விஷயம் என்று ஒன்று உண்டு என்பது இந்த வியட்நாமில் எனக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் போனைவிட ஆபத்து என்று உன் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் எழுதி வைத்ததைவிடக் கிழித்துப் போட்டதுதான் அதிகம். நீ இதைக் கிழிக்க வேண்டாம். காலம் மாறிவிட்டது என்று எப்போதும் எனக்குச் சொல்கிறவன் நீதானே.

நான் குளியலறையில் விழுந்ததிலிருந்துதான் இது ஆரம்பம். நீ சென்னையிலிருந்து ஓடி வந்தாய், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய், எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்து என்னிடம் பேரம் பேசினாய். "இந்தக் கால வச்சுக்கிட்டு இந்த மாடிப்படியில எப்படிம்மா ஏறி இறங்குவ? ஒரு மழைக்காலம் பாப்போம். யோகா தெரபி தெரிஞ்சவங்க வீட்டுக்கே வருவாங்க, உனக்குன்னு தனியா பாத்துச் சொல்லித் தருவாங்க. அப்பவும் சரியாகலன்னா வீட்ட வித்துட்டு எங்கூட வந்துரு" என்றாய். நான் தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வரப்போகிறவள் என் உடம்பைப் பார்க்க வரவில்லை. இந்தக் கிழவி தனியாக இருக்க லாயக்கா என்று பார்த்து உனக்குச் சொல்ல வருகிறாள். அப்படி இல்லவே இல்லை என்று நீ சத்தியம் செய்வாய். செய்துகொள். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன்.

மாலதி மதுரைக்காரி. உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். மோட்டார் சைக்கிள் டாக்ஸியின் பின்னால் உட்கார்ந்து வந்து, ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து, சந்துக்குள் பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அதைப் பார்த்தே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. இந்த ஊரில் ஒரு காலத்தில் நம் முகத்தைப் பார்த்தால் துணிக்கடையா, வட்டிக்கடையா என்று கேட்பார்கள். இப்போது யோகாவா என்று கேட்கிறார்கள். சந்தையில் மீன் வெட்டுகிறவள் என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக் காட்டி, இதற்கு என்ன ஆசனம் என்கிறாள். இந்தியாவிலிருந்து வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அதில் எத்தனை பேர் முறையாகப் படித்தவர்கள், எத்தனை பேர் விமானத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் என்று யார் கண்டார்கள்? இவள் "ஓம்" என்று வாயைத் திறந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து, கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் ஓம் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள். காலையில் எழுந்ததும் மனதில் முதலில் என்ன வரும், என்ன சாப்பிடுவீர்கள், வெளிக்குச் சரியாகப் போகிறதா, தூக்கத்தில் விழிப்பு வருமா, ஒரு நாளில் யாரோடெல்லாம் பேசுவீர்கள், வீட்டுக்கு யார் வந்து போவார்கள், எதை நினைத்தால் பயம் வரும். கையில் பேனா இல்லை. அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. எழுதிக்கொள்ளாமல் கேட்கிறவர்கள் ஒன்றையும் மறக்க மாட்டார்கள். "இதெல்லாம் எதுக்கு ஒனக்கு? காலுக்கு எதாச்சும் சொல்லிக் குடுத்துட்டுப் போ புள்ள" என்றேன். "எல்லாருக்கும் ஒண்ணுதான்னா யூட்யூப் பாத்தே செஞ்சுரலாமேம்மா. உங்களுக்குன்னு செய்யணும்னா உங்களத் தெரியணும்ல" என்றாள். தெரிந்துகொள்ளட்டும் என்று பதில் சொன்னேன். நல்லாத் தூங்குறேன். நல்லாப் பசிக்குது. பயம்னு ஒண்ணுமில்ல. தலைசுத்தல் கெடையாது. தலைசுற்றித்தான் குளியலறையில் விழுந்தேன் என்பதை உன்னிடமே மறைத்தவள், இவளிடம் சொல்வேனா? "காலு எப்பலேருந்தும்மா இப்படி?" என்றாள். "சின்ன வயசுல காய்ச்சல்ல போனது" என்றேன். யோசிக்காமல், தடுமாறாமல், குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிற மாதிரி வந்தது. இந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று இப்போது சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால், அந்த ஏப்ரலில் சண்டை முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. காரைக்காலில் பிறந்த எனக்கு இந்தியா போகும் விமானத்தில் இடம் கிடைத்திருக்கும். உன் அப்பாவுக்குக் கிடைக்காது. அவருடைய தகப்பனார் நம் ஊர்க்காரர் என்றாலும் தாயார் மீதோ என்கிற இந்த நாட்டு ஊர்க்காரி, வியட்நாம்காரி. அவர் கையில் இருந்தது இந்த நாட்டுக் காகிதம். "நீ போ, நான் பின்னால வர்றேன்" என்றார். அப்படிச் சொன்னவர்கள் யாரும் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் குமாஸ்தாவாக இருந்த வெளிநாட்டு வங்கியை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவன் என்றாலே ஏற இறங்கப் பார்க்கிற காலம். பழைய வீட்டை விட்டுவிட்டு, யாருக்கும் எங்களைத் தெரியாத இந்த நான்காம் வட்டாரச் சந்துக்கு வந்தோம். வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, இந்தச் சந்துக்குப் புது அரசாங்கம் வைத்த பொறுப்பாளர் வீட்டு வாசலில் வந்து நின்றார். யார் இருக்கிறீர்கள், என்ன வேலை, யார் வந்து போகிறார்கள் என்று கேட்டார். வேலை இல்லாத குடும்பங்களைக் காட்டை வெட்டிப் பயிர் செய்ய வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பித் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலேரியாவில் மஞ்சளாகி, கண்ணெல்லாம் உள்ளே போய் வந்தார்கள். "ரெண்டு பேரும் திடமாத்தானே இருக்கீங்க" என்று பொறுப்பாளர் கேட்டதும், உன் அப்பா எச்சில்கூட விழுங்காமல், "என் மனைவிக்கு இடது கால் வராது, சின்ன வயசுல காய்ச்சல்" என்றார். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்த நான் வாசலில் அதைக் கேட்டேன். அடுத்த அடியை நொண்டித்தான் வைத்தேன்.

ஆமாம் தம்பி. என் இடது காலுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் இல்லை, நேற்றும் இல்லை. எங்களை எங்கும் அனுப்பவில்லை. உன் அப்பா சந்து முனையில் உட்கார்ந்து சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டினார், நான் நொண்டினேன், அப்படித்தான் பிழைத்தோம். சந்தையில் நொண்டினேன், மாதா கோயிலில் பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதும் நொண்டினேன். நீ பிறந்தாய். உனக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் வீட்டுக் கதையெல்லாம் கேட்பார்கள், அப்பா எந்த ரேடியோ கேட்கிறார், வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று. நீ முகத்தில் ஒன்றையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. அதனால் வீட்டுக்குள்ளும் உன் முன்னால் நொண்டினேன். நீ பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நேராக நடப்பேன். படியிறங்கும்போது நீ என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி "மெதுவா, மெதுவா" என்பாய். சிரிப்பு வரும், ஆனாலும் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். ஊரில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்து போக்குவரத்துத் திறந்ததும் உன்னைக் காரைக்காலுக்கு உன் சித்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பினோம். விமான நிலையத்தில் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தது என் முகத்தையா, காலையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

காலம் மாறிய பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். எப்படி நிறுத்துவது, நீயே சொல். ஒரு நாள் காலையில் எழுந்து நேராக நடந்து போய் வெற்றிலை வாங்கினால் சந்து என்ன சொல்லும்? அதுவும் அந்தப் பொறுப்பாளர் அதே சந்தில் குடியிருக்கும்போது? அவரை உனக்குத் தெரியும். நீ "பாக் குவாங்", குவாங் பெரியப்பா, என்று கூப்பிட்டுக்கொண்டு போய்த் தொப்பியைப் பிடுங்குவாயே, அந்தக் குவாங் அண்ணன்தான். நீ அவரோடு விளையாடும்போதெல்லாம், என்ன உளறுகிறாயோ என்று நான் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் ரேஷன் அரிசிக்கு வெயிலில் வரிசையில் நிற்பார்கள். எங்கள் அரிசியை மட்டும் அவர் மாதாமாதம் தன் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்குவார். "அரிசி குடுக்குற சாக்குல வூட்டுக்குள்ள எட்டிப் பாக்க வர்றாரு, சாக்கிரதையா இரு" என்பார் உன் அப்பா. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கதவைத் திறப்பேன். ஒரு தடவை சோலோன் என்கிற சீனர் பேட்டையில் ஒரு சீன வைத்தியரிடம் கால் மருந்து என்று வேர்க்கட்டைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். இது நிச்சயம் சோதனைதான் என்று அவர் கண்ணெதிரிலேயே காய்ச்சிக் குடித்தேன். வேப்பெண்ணெயே தேவலை என்றிருந்தது. குடித்து முடிக்கிற வரை அவரும் நகரவில்லை.

இப்போது மாலதிக்கு வருகிறேன். நான் சொன்ன பொய்க்கெல்லாம் ஏற்றபடி அவள் எனக்கு ஒரு பயிற்சி அமைத்துக் கொடுத்தாள். நன்றாகத் தூங்குகிற, நன்றாகப் பசிக்கிற, தலை சுற்றாத, இடது கால் சூம்பிய ஒரு பெண்மணிக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். நின்றபடி முன்னால் குனிந்து தலையைத் தொங்கவிடச் சொன்னாள். குனிந்தேன். தரை சுழன்றது. நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு, ஒடம்பு லேசா இருக்கு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மூச்சு பாதியில நிக்குதும்மா. யாரோ கதவத் தட்டப்போறாங்கன்னு காது குடுத்துக்கிட்டே இருக்குற மாதிரி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவளுக்கு எப்படித் தெரியும்? உன் மேல் பழியைப் போட்டேன். நீ ஏதோ உளறியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

மாட்டிக்கொண்டது மழையால். இந்த ஊர் மழை உனக்குத் தெரியும், தூறலெல்லாம் கிடையாது, திறந்துவிட்ட மாதிரிக் கொட்டும். அவள் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணி என் நினைவுக்கு வந்ததுதான் தெரியும், படியில் தாவி ஏறி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டேன். இறங்கும்போதுதான் கீழே ஆள் இருக்கிறது என்று புத்தியில் பட்டது. அவசர அவசரமாக நொண்டிக்கொண்டு இறங்கினேன். மாலதி படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "அம்மா, மேல போறப்ப எந்தக் காலும் நொண்டல. எறங்கும்போது வலது கால் நொண்டுது. நேத்து வரைக்கும் இடது காலுல்ல?" என்றாள்.

துணிக் குவியலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஒன்ன யாரு அனுப்புனா?" என்றேன். "உங்க மகன்தாம்மா. என்ன கேள்வி இது?" "அவன்ட்ட போய்ச் சொல்லத்தான வந்த?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மதுரைக்காரி கோபம், சத்தம் கூடாமலே சுட்டது. "நீங்க எங்கிட்டச் சொல்றது உங்களோடது. அத யாருக்கும் சொல்ற வழக்கம் எனக்குக் கெடையாது. ஆனா எனக்கே பொய் சொன்னீங்கன்னா, நான் இந்த வீட்டுல இல்லாத யாருக்கோ வைத்தியம் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கு எதுக்கு நான்?" என்று பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். மழை விட்டபாடில்லை. எங்கே போவாள்? உட்கார்ந்தாள். நான் சொன்னேன். உன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததை, உனக்குச் சொல்லாததை, எங்கிருந்தோ வந்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உனக்கு அது வருத்தமாக இருக்கும். எனக்கும் அதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. ஆனால் கேட்டது அவள்தானே. உனக்கு என் கால் வலிக்கிறதா என்று கேட்கத் தெரிந்தது, எப்போதிலிருந்து என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

காலைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டவள், தலைசுற்றலைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். "தலைய கீழ தொங்கவிட வச்சேனேம்மா! சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரிடம் போய் வராமல் பாயை விரிக்க மாட்டேன் என்றாள். போனேன். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. மாத்திரை கொடுத்தார்கள். "இத நிறுத்தக் கூடாதும்மா. நான் சொல்லித் தர்றது மருந்துக்குத் தொணதான், மருந்துக்குப் பதில் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதன் பிறகுதான் எனக்கான பயிற்சி ஆரம்பமானது. இத்தனை வருஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததில் என் வலது இடுப்பு எல்லாப் பாரத்தையும் வாங்கித் தேய்ந்திருந்தது, இடது விலா சுருங்கிப் போயிருந்தது. பொய்யாக நொண்டியதற்கு நிஜமாகவே முதுகுவலி வந்துவிட்டது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்திலும் சமமாக நிற்க வேண்டும். கையை உயர்த்தும்போது மூச்சை வாங்கி, இறக்கும்போது நீளமாக விட வேண்டும். விடும்போது ஒரு வார்த்தை சொன்னால் மூச்சு நீளும் என்றாள். நான் சிலுவையைத் தொட்டுப் பார்த்தேன். "உங்க வாய்க்கு எது வருதோ அதச் சொல்லுங்கம்மா" என்றாள். "சேசுவே" என்று இழுத்தேன். மூச்சு அதுபாட்டுக்கு முழுசாக வெளியே போய் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்குள் நேராக நடந்தேன். வாசலைத் தாண்டினால் இடது கால் தானாக மடங்கியது. நான் நொண்ட வேண்டும் என்று நினைக்கவே மாட்டேன், அது நொண்டும். பல நாள் முயன்று, ஒரு காலையில் மாலதி கூட வர, மூச்சை விட்டுக்கொண்டே சந்து முனை வரை நேராக நடந்துவிட்டேன். அங்கே காப்பிக் கடையில் குட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியில் குவாங் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், வாய் திறந்தது திறந்தபடி. அவர் மருமகள் நான் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்தாள். ஃபேஸ்புக்கில் போட்டாள். அதைத்தான் நீ பார்த்து அழுதாய். நாற்பது வருஷத்து நொண்டியை இந்திய யோகா டீச்சர் நடக்க வைத்துவிட்டாள் என்று சந்தெல்லாம் பேச்சு. மீன்காரி மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாலதிக்கு முகம் செத்துப்போயிற்று. செய்யாத வைத்தியத்துக்குப் புகழ் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? நிறையப் பேருக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்கவில்லை.

குவாங் அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. "மாத்திரை தின்னு என்ன ஆச்சு? இந்தம்மா கால் சரியாகலயா? அந்த டீச்சர என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லு" என்று மகனிடம் சண்டை போட்டிருக்கிறார். மாலதியே போய் மன்றாடிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாம் பேச்சில் என்ன சொன்னாலும், அவர் சிரித்துக்கொண்டு என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாராம். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரும்மா. நீங்கதான் சொல்லணும்" என்றாள். "நானா? அவருட்டயா?" என்றேன். "அவரு இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்டாரும்மா" என்றாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் மனசு அன்றைக்கு நல்லபடியாக யோசிக்கவில்லை. கிழவர் நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்திரையை நிறுத்தினேன் என்று சொல்லி என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார். உத்தியோகம் போனாலும் புத்தி போகாது. அப்புறம், நிறுத்தினால் நிறுத்தட்டுமே என்றும் நினைத்தேன். எத்தனை வருஷம் அந்தச் செருப்புச் சத்தத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அவருக்காக நான் ஏன் சந்தில் தலைகுனிய வேண்டும்? இரண்டு நாள் வெளியே போகவில்லை. அடுத்த நாள் சந்தைக்குப் போகும்போது பார்த்தேன். காப்பிக் கோப்பையை எடுத்தார், அது வாய்க்குப் போய்ச் சேராமல் சட்டையில் கவிழ்ந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நடிக்கிறவன் சட்டையில் சூடான காப்பியைக் கொட்டிக்கொள்ள மாட்டான். கூடையை அங்கேயே வைத்துவிட்டு அவரிடம் போனேன். போகும்போது கால் நொண்டியது. பாதி வழியில் நின்று, ஒரு மூச்சை முழுசாக விட்டுவிட்டு, நேராக நடந்தேன்.

பேசியது அவர் பாஷையில்தான், உனக்கு நம் பேச்சில் எழுதுகிறேன். "அண்ணே, எங்கால யாரும் சரி பண்ணல. அது என்னிக்குமே நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒங்களுக்காகத்தான் நொண்டுனேன்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். பிறகு சந்தின் ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். நான் போலீஸ் வரும் என்றே நினைத்தேன், இந்த வயதில், இந்தக் காலத்தில். அவர் சொன்னார். "அப்ப இந்தச் சந்துல யாருக்குத்தான் நோயில்ல? எதுத்த வீட்டுக்காரனுக்கு ஆஸ்துமா, நான் தலை மறைஞ்சதும் சிகரெட் பத்த வைப்பான். கடைசி வீட்டுக்காரிக்குப் பைத்தியம், கோழி வெல பேசும்போது மட்டும் தெளிஞ்சுரும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்." என் காலைக் கையால் காட்டினார். "ஒன்னுத மட்டும் நெசம்னு நெனச்சேன் தங்கச்சி. அதான் அரிசிய..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் சட்டையில் இருந்த காப்பிக் கறையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் கோபமாகவும் இருந்தது. பயப்படாதே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் என் இடுப்பாவது மிஞ்சியிருக்குமே. அவர் இருந்த வேலையில் அதைச் சொல்ல முடியாது என்பதும் புரிந்தது. அந்தச் சீன மருந்தை நினைத்ததும் அந்தக் கசப்பு மறுபடி நாக்குக்கு வந்தது, இந்த மனுஷன் அதை எனக்குக் குணமாகட்டும் என்றா வாங்கி வந்தார் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டு, "மாத்திர எங்கண்ணே?" என்றேன். சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். கடைக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். விழுங்கினார். "வாயத் தொறங்க" என்றேன். திறந்தார். "நாக்கத் தூக்குங்க." தூக்கினார். அடியிலும் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் போய் அப்படித்தான் பார்க்கிறேன். அவரை இன்னும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குத் திரும்பப் போகிறார். டாக்டர் சரி என்றதால் மாலதியும் வாரத்தில் இரண்டு தடவை வந்து அவருக்கென்று மூச்சும் கையசைப்பும் சொல்லித் தருகிறாள். அவர் கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறாரா என்று கேட்டேன். "அத உங்களுக்குச் சொல்ல மாட்டேம்மா" என்றுவிட்டாள்.

இனி நீ வரலாம். வீட்டை விற்பதா, நான் உன்னோடு வருவதா என்று பேச உட்காருவோம். எனக்குத் தலைசுற்றல் இருக்கிறது, அதை வைத்துப் பேசு. சாயங்காலத்தில் இந்த வீட்டில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை, அதை வைத்துப் பேசு. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டம், அதையும் வைத்துப் பேசு. அதற்கு நான் தோற்றுப்போனாலும் போவேன். காலை வைத்து மட்டும் பேசாதே. உன்னை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, அந்தக் காலத்தில் மறுபடி நின்றால் மறுபடியும் நொண்டுவேன். ஆனால் சின்னப் பிள்ளையாக நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்றாயே, அதை மட்டும் நான் பொய்யாக வாங்கிக்கொள்ளவில்லை. வந்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொள். எனக்கு அது தேவைப்படுகிறது.

விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வெளியே வந்ததும் கூட்டத்தில் நொண்டுகிற கிழவியைத் தேடிக்கொண்டு நிற்காதே. இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத் தேடு.

அம்மா